ஜீப்புக்கு முன்னாடியும் அகல டயர் போட்டாச்சு - வண்ணார்பேட்டை கடை எப்படி?

பழைய மஹிந்திரா ஜீப் வச்சிருக்கவங்களுக்காக எழுதுதேன். நம்ம வண்டிய எனக்கு முந்தி வச்சிருந்தவரு பின்னாடி மட்டும் 235/75 ஆர்15 அகல டயர் போட்டுட்டு முன்னாடி அந்த 6.00-16 ஒல்லி நைலான் டயரையே விட்டிருந்தாரு, பாக்க கெத்தாத்தான் இருக்கும், ஆனா இட்டமொழி பக்கம் தேரிக்குள்ள, அதான் செம்மணல் காட்டுக்குள்ள, முருங்கைத் தோட்டத்துக்குப் போனா முன்சக்கரம் கத்தி மாதிரி மணல்ல இறங்கிரும், இன்ஜின் வெயிட்டு பூரா அங்கனதான இருக்கு, ஆடிக்காத்துல பாதைய மணல் மூடிட்டா ஃபோர் வீல் போட்டாலும் மணலத் தள்ளிக்கிட்டு நிக்கும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸ்ல ஒரு டயர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்கார அண்ணாச்சி மொத வேலையா டேப்ப எடுத்து பின்டயர் உயரத்த அளந்தாரு. முன்னாடி 31 இஞ்சா போட்டா என்னன்னு கேட்டேன். "அகலம் முன்னபின்ன இருக்கலாம் தம்பி, உயரம் மாறக்கூடாது, ஃபோர் வீல்ல போட்டா ரெண்டு ஆக்சிலும் ஒண்ண ஒண்ணு இழுத்து கியர் போயிரும் பாத்துக்கிடுங்க"ன்னுட்டாரு. பின்னாடி உள்ள அதே சைஸ், சுமார் 29 இஞ்சு உயரம். பொலீரோ ரிம்மு அஞ்சு போல்ட்டுல அப்படியே உக்காந்துச்சு. டயர்ல நாலு நம்பர் தேதி இருக்கும்லா, 3525ன்னா 2025ல 35வது வாரம் செஞ்சது, அத அவரே காட்டிட்டுத்தான் மாட்டுனாரு.

மாட்டி முடிச்சு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயரு ஸ்பிரிங் பட்டையில ஒரசுது. பக்கத்துல நின்னவரு சக்கரத்த வெளிய தள்ளி வைக்க ஸ்பேசர் போடச் சொன்னாரு, அண்ணாச்சி ஒத்துக்கிடல, பேரிங் தாங்காதாம். சக்கரம் ரொம்ப ஒடியாம தடுக்குற ஸ்டாப்பர் போல்ட்ட கொஞ்சம் வெளிய எடுத்து லாக் பண்ணாரு, அதனால யூ டர்ன் அடிக்க இப்ப கூட கொஞ்சம் ரோடு வேணும், எனக்கு அது பெருசா தெரியல.

குறைன்னா, பேலன்சிங்குக்கு ரொம்ப நேரம் உக்கார வச்சுட்டாங்க, அப்புறம் கேக்காமலே நைட்ரஜன் அடிச்சு பில்லுல சேத்துட்டாங்க. தேரிக்குப் போறவன் வழியிலேயே 18 பிஎஸ்ஐக்கு காத்த எறக்குவான், அவனுக்கு எதுக்கு நைட்ரஜன்? பழைய டயருக்கும் சொன்ன ரேட்டு மோசம், நான் குடுக்கல, ஊர்ல மாட்டுவண்டிக்குன்னு நல்ல வெலைக்கே வாங்கிட்டுப் போயிட்டாவ.

தேரியில இப்ப முன்னாடி எறங்காம மேலயே மெதந்து போவுது, அதுக்காக 15க்குக் கீழ காத்த எறக்காதீங்க, ட்யூப்லெஸ் ரிம்ம விட்டு கழண்டுரும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியா, பாளை மார்க்கெட்ல பார்க்கிங் போடும்போது கை செத்துருது. மைலேஜும் கொஞ்சம் கொறையும். மானூர் பக்கம் கரிசல்ல ஓட்டுறவங்களுக்கு இது வேண்டாம், ஐப்பசி மழையில சகதியக் கிழிச்சுக்கிட்டு அடித்தரையப் புடிக்க ஒல்லி டயர்தான் சரி, அகல டயர் மேலயே வழுக்கும்.

போறவங்க காலையிலேயே போயிருங்க, நைட்ரஜன் வேண்டாம்னு மொதல்லயே சொல்லிருங்க.