‘5 ஸ்டேஜ்’ என்று சொல்லி விற்ற டர்பைன் ஸ்ப்ரேயர்: என் ₹38,500 போச்சு, கார் பெயிண்டர்கள் ஏமாறாதீர்கள்

மணி இரவு 11 ஆகிறது. ஒரு காரின் பானெட்டை இரண்டாவது முறையாக 800 வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது. ₹38,500 கொடுத்து வாங்கிய மெஷின் ஷெட் மூலையில் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. காலையில் எழுந்தால் வேலையில் மறந்துவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். டர்பைன் ஸ்ப்ரேயர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் டிங்கரிங், பெயிண்டிங் செய்கிறேன். சின்ன ஷெட். நானும் உதவிக்கு ஒரு பையனும்தான். பதினான்கு வருஷமாக ஒரே கம்ப்ரசர், 2 எச்.பி. போன மாதம் கோடை மழை பெய்த வாரத்தில் அது தண்ணீர் கக்க ஆரம்பித்தது. டாங்க் வால்வைத் திறந்து வடித்துவிட்டுத்தான் அடித்தேன். அப்படியும் ஒரு சிவப்புக் காரின் கதவில் மீன் கண் மாதிரி குழி குழியாக விழுந்தது. காற்றில் ஈரமோ எண்ணெயோ வந்தால் இப்படித்தான் ஆகும், தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கதவை என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அப்போதுதான் டர்பைன் ஞாபகம் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டர்பைனில் டாங்க் கிடையாது. ஒரே தண்டில் விசிறிகள் அடுக்கடுக்காகச் சுற்றி, வெளிக் காற்றை இழுத்து, தடிமனான ஹோஸ் வழியாக பெயிண்ட் அடிக்கிற கன்னுக்கு அனுப்பும். காற்றை அமுக்கிச் சேர்த்து வைப்பதில்லை என்பதால் தண்ணீர் தேங்காது, எண்ணெயும் வராது. காற்று நிறைய வரும், பிரஷர் குறைவு. அந்த அடுக்குகளைத்தான் ஸ்டேஜ் என்கிறார்கள். ஒரு ஸ்டேஜுக்கு ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து 2 பி.எஸ்.ஐ. (காற்றின் அழுத்த அளவு) கிடைக்கும். மரத்துக்கும் கேட்டுக்கும் அடிக்க 2, 3 ஸ்டேஜ் போதும். காருக்கு 2கே க்ளியர் (ஹார்டனர் கலந்து, கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கிற கோட்) அடித்து கண்ணாடி மாதிரி விழ வேண்டுமென்றால் 4 ஸ்டேஜாவது வேண்டும், 5 இருந்தால் நல்லது. கனடாவின் ஃபூஜி, அமெரிக்காவின் அப்பல்லோ கம்பெனிகள் 5 ஸ்டேஜ் மெஷின் செய்கின்றன. அதையெல்லாம் இறக்குமதி செய்து வாங்க எனக்கு வசதியில்லை.

அப்போது கண்ணில் பட்டதுதான் இந்தக் கடை. பவர் டூல்ஸ் விற்கிற கடை, போனில் வீடியோவும் போடுகிறார்கள். பெயர் வேண்டாம். ‘5 ஸ்டேஜ் டர்பைன், கார் பெயிண்டிங் ஸ்பெஷல், ₹42,000’ என்று வீடியோவில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை நேரில் போனேன்.

கடைக்காரருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். "வாங்ணா, உக்காருங்ணா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். நான் கம்ப்ரசர் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "தண்ணி கக்குதுங்ளா? இதுல அந்தப் பேச்சுக்கே இடமில்லீங்ணா" என்றார். கடைக்குப் பின்னால் கூட்டிப் போய், மேஜையில் படுக்கப் போட்டிருந்த ஒரு சின்னத் தகட்டில் கறுப்பு பெயிண்ட் அடித்துக் காட்டினார். வழவழவென்று விழுந்தது. கன்னை என் கையில் கொடுத்து, "நீங்களே புடிச்சுப் பாருங்ணா" என்றார். பிடித்தேன், எனக்கும் நன்றாகத்தான் வந்தது.

அது என்.சி. பெயிண்ட், ஹார்டனர் இல்லாமல் சீக்கிரம் காய்கிற வகை. தண்ணீர் போலத் தின்னர் விட்டுக் கலக்கியது. படுக்கப் போட்ட தகடு என்பதால் ஒழுகவும் வழியில்லை. ஏ.சி. ஓடிய அறை வேறு. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். "இதுல 2கே க்ளியர் ஊத்தி நிக்க வெச்ச ஃபெண்டர்ல அடிச்சுக் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். கேட்கத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் சொன்னார்: "எங்கப்பாவும் பெயிண்டர்தானுங்ணா. தின்னர் வாசத்துலயே இருந்து நெஞ்சு கெட்டுப் போனாரு. உங்ககிட்டப் போய் நான் பொய் சொல்லுவனுங்ளா?"

அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டேன். இந்தத் தொழிலில் நெஞ்சு கெட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். என் குருநாதரே அப்படித்தான் போனார். பெயிண்டர் வீட்டுப் பிள்ளை பெயிண்டரை ஏமாற்றமாட்டான் என்று நினைத்தேன். பேசி ₹38,500க்கு முடித்தோம். ₹20,000 போனில் அனுப்பினேன். மீதி ₹18,500 ரொக்கமாகக் கொடுத்தேன், ஏலச் சீட்டு எடுத்த பணம். "ஜி.எஸ்.டி. பில்லுன்னா விலை ஏறும்ணா, எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். அதில் ‘ஸ்ப்ரேயர் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது.

முதல் வேலை ஒரு டீச்சரின் கார். வெள்ளி மெட்டாலிக். பானெட்டும் இரண்டு முன் ஃபெண்டரும். வெள்ளிக்கிழமை புதுமனைப் புகுவிழா, வியாழன் மாலை வண்டி வேண்டும் என்று சொல்லி முன்பணமும் கொடுத்திருந்தார். பட்டி, சர்ஃபேஸர் எல்லாம் கச்சிதமாக முடிந்தது. பேஸ் கோட், அதாவது கலர் கோட், அடிக்கும்போதே மனசுக்கு ஒப்பவில்லை. மெட்டாலிக் மேகம் மேகமாகத் திட்டுத் திட்டாக விழுந்தது. மெல்லிசாக இன்னொரு கோட் போட்டுச் சமாளித்தேன். அப்புறம் க்ளியர்.

க்ளியர் பொடிப் பொடியாக உடைந்து பனி மாதிரி விழ வேண்டும். இதில் சொட்டுச் சொட்டாகத் துப்பியது. பானெட்டின் நடுவில் குளிரில் சிலிர்த்த தோல் மாதிரி மேடும் பள்ளமும். கன்னின் கைப்பிடி தொட முடியாத சூடு. மதியம் ஷெட்டுக்குள் அனல், அந்தக் காற்றையே இழுத்து மெஷின் இன்னும் சூடாக்கி அனுப்புகிறது. அதனால் ஓரங்களில் க்ளியர் போகிற வழியிலேயே காய்ந்து, உப்புத் தாள் மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டது. ஒரே பானெட்டில் நடுவில் ஆரஞ்சுத் தோல், ஓரத்தில் சொரசொரப்பு. பதினான்கு வருஷத்தில் என் கையில் இப்படி ஒரு வேலை விழுந்ததில்லை.

உடனே போன் போட்டேன். "தின்னர் கூட்டுங்ணா, ஸ்லோ தின்னர் போடுங்க" என்றார். சூட்டுக்கு, மெதுவாகக் காய்கிற ஸ்லோ தின்னர் சரிதான், அதை மறுக்கவில்லை. போட்டேன். சொட்டு அப்படியே பெரிதாகத்தான் வந்தது, காய நேரமானதால் ஃபெண்டரில் திரை திரையாக ஒழுகியது. மறுபடி போன். "பெரிய நாசில்ல அடிச்சிருக்கீங்க, 1.3 போடுங்க" என்றார். துளை சிறிதான அந்த 1.3 மி.மீ. நாசிலை அவர் கடையிலேயே ₹2,200க்கு வாங்கினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மூன்றாவது தடவை "உங்க ஏரியாவுல வோல்டேஜ் கம்மியா இருக்கும்" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 228 காட்டியது. போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நாலாவது நாள் கடையில் இருக்கும் பையன் எடுத்தான். "ஓனர் வெளியூர்ங்ணா." அடுத்த நாளும் வெளியூர். அன்று மாலையே அவர்களுடைய புது வீடியோ வந்தது, அதே மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஆள் பேசுகிறார்.

டீச்சருக்கு வியாழக்கிழமை வண்டி கொடுக்க முடியவில்லை. வீட்டு விசேஷத்துக்கு அவர் ஆட்டோவில் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி தம்பி, நல்லா பண்ணிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு பீளமேட்டில் எனக்குத் தெரிந்த மோட்டார் வைண்டிங்காரர் ஒருவரிடம் போனேன். அவர் பிரிப்பதற்கு முன், "பிரஷர் எவ்வளவு வருதுன்னு பார்த்துடலாம்" என்றார். அதற்குத் தகுந்த கேஜ் இல்லை. பக்கத்தில் கட்டட வேலை நடந்தது. கொத்தனாரிடம் மட்டக்குழாய் (மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ட்யூப்) வாங்கி வந்து பாதி தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை மெஷின் ஹோஸில் துணி சுற்றி, டேப் போட்டு, காற்று போகாமல் இறுக்கினார். மறு முனையை நான் மாடிப்படியில் ஏறி உயரத் தூக்கிப் பிடித்தேன். மெஷினைப் போட்டார். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கியது, என் பக்கம் ஏறியது. இரண்டு மட்டத்துக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தோம். 8 அடி. ஒரு பி.எஸ்.ஐ.க்கு தண்ணீர் ஏறக்குறைய 28 அங்குலம் ஏறும். அப்படியானால் மொத்தம் மூன்றரை பி.எஸ்.ஐ. உண்மையான 5 ஸ்டேஜ் என்றால் 8 பி.எஸ்.ஐ.யாவது வர வேண்டும், தண்ணீர் 18 அடி உயர்ந்திருக்க வேண்டும். நான் மாடிப்படியில் நாலாவது படியைத் தாண்டவே இல்லை.

அப்புறம் பிரித்தார். மேல் மூடியைக் கழற்றியதும் ஒரு அலுமினிய விசிறி. அதன் கீழே ஒரு தடுப்புத் தகடு. அதன் கீழே இன்னொரு விசிறி. அதற்கடுத்து மோட்டார். இரண்டே ஸ்டேஜ். பெரிய வாக்குவம் க்ளீனரில் இருக்கிற அதே மாதிரி மோட்டார். மீதி உயரத்துக்கு வெறும் டப்பா, சத்தம் குறைய ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் மட்டும் ‘5’ என்று பெரிதாக ஸ்டிக்கர்.

நேராகக் கடைக்குப் போனேன். ஓனர் உள்ளேயே இருந்தார். இந்த முறை டீ இல்லை, ‘ணா’வும் இல்லை. போட்டோவைக் காட்டினேன். "மெஷினைப் பிரிச்சுட்டீங்களா? அப்ப வாரண்டி போச்சு" என்றார். ‘5 ஸ்டேஜ்’ என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டேன். "பில்லுல அப்படிப் போட்டிருக்கா?" என்றார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதற்குச் சிரித்துக்கொண்டே, "நீங்க தொழிலுக்கு வாங்குனது. அதெல்லாம் வீட்டுக்கு வாங்குறவங்களுக்குத்தான்" என்றார். ₹38,500 திரும்ப வராது, வேண்டுமானால் ₹9,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். என் மெஷினை, ஒரு வாரத்துக்கு முன் அவரே ₹38,500க்கு விற்ற மெஷினை!

தொழிலுக்கு வாங்கினால் வழக்குப் போட முடியாது என்று அவர் சொன்னது பொய். தன் கையால் உழைத்துப் பிழைக்கிற சுயதொழிலுக்காக மட்டுமே ஒருவர் வாங்கினால் அது வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். ₹5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருப்பது ₹20,000 போனில் அனுப்பிய பதிவும், அவர்கள் ‘5 ஸ்டேஜ்’ என்று பேசிய வீடியோவும், எஸ்டிமேட் துண்டும். ரொக்கமாகக் கொடுத்த ₹18,500க்கு ஒரு சாட்சியும் இல்லை. வீடியோவை அழிப்பதற்குள் இறக்கி வைத்துக்கொண்டேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை, கண் சொக்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் சொந்த 2கே க்ளியரை, நீங்களே கலக்கி, நிறுத்தி வைத்த பெரிய பேனலில் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எத்தனை ஸ்டேஜ், எத்தனை பி.எஸ்.ஐ. என்று பில்லில் எழுதி வாங்குங்கள், எழுதமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். எஸ்டிமேட் வேண்டாம், ரொக்கம் வேண்டாம். வாட்ஸைக் காட்டி மயக்குவார்கள், வாட்ஸ் வேறு, பிரஷர் வேறு.

இன்னொன்று, இதை அந்தக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ், ஓடும்போது உள்ளே பொறி பறக்கிறது. வைண்டிங்காரர் விளக்கை அணைத்துக் காட்டினார். தின்னர் ஆவி நிறைந்த ஷெட்டுக்குள்ளேயே அதை வைத்து மூன்று நாள் அடித்திருக்கிறேன், பையனும் பக்கத்தில் நின்றான். மெஷினை அடிக்கிற இடத்துக்கு வெளியே, நல்ல காற்றில், ஹோஸ் நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். வெளியே வைத்தால் பில்டரும் பெயிண்ட் தூசியில் அடையாது. 2கே ஹார்டனரில் நெஞ்சைக் கெடுக்கிற ஐசோசயனேட் இருக்கிறது, துணியைக் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். சரியான மாஸ்க் இல்லாமல் அந்த வேலைக்கே போகாதீர்கள்.

கம்ப்ரசருக்கு ஈரம் பிரிக்கிற பில்டர் ஒன்று இன்று வாங்கி மாட்டினேன், ₹1,850. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் டீச்சரின் பானெட்டுக்கு பேஸ் அடித்து, பத்து மணிக்குள் க்ளியர் போட வேண்டும். இதே மாதிரி நீல நிற டப்பா, முன்னால் பெரிய ‘5’, கறுப்பு ஹோஸ், இப்படி ஒன்று யாராவது வாங்கியிருந்தால் பில்லோடு ஒரு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். புகாரில் சேர்த்துக் கொடுக்கிறேன்.