பூமலையா, கரையோரப் பூந்தோட்டங்களா?

ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ போகும் வழியில் சிங்கப்பூரில் ஒரு நாள் இறங்கிப் பார்க்க நினைக்கும் உறவினர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அந்த இரும்பு மரங்கள் இருக்கிற தோட்டத்துக்குப் போனால் போதுமா?” போதும் என்று சொல்லிவிட மனம் வருவதில்லை. அதே ஊரில் 1859-இல் தொடங்கிய இன்னொரு தோட்டம் இருக்கிறது. பயணப் பொதித் திட்டங்களில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மணி நேரம்தான். ஆர்க்கிட் பூக்களின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும்.

பழையதைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்பார்கள். 2012-இல் திறந்த புதியதற்கு அங்கே வழங்கும் தமிழ்ப் பெயர் கரையோரப் பூந்தோட்டங்கள். நம் ஊரில் ‘கார்டன்ஸ் பை தி பே’ என்றால்தான் தெரியும்.

புதியதை முதலில் பார்த்துவிடலாம். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 101 ஹெக்டேர். 25 முதல் 50 மீட்டர் உயரம் வரை 18 செயற்கை மரங்கள். படத்தில் பார்த்தபோது எனக்கு ஏளனம்தான் வந்தது. மரத்துக்கா பஞ்சம், இரும்பில் செய்து வைக்க வேண்டுமா? நேரில் போய் அவற்றின் வேலையைத் தெரிந்துகொண்ட பிறகு ஏளனம் குறைந்தது. அங்கே இரண்டு பெரிய கண்ணாடிக் கூடங்கள் உள்ளன. அவற்றைக் குளிர்விக்கும் சக்தியில் ஒரு பங்கு, நகரத்து மரங்களைக் கழித்துவிட்ட கிளைகளையும் தழைகளையும் எரித்துக் கிடைக்கிறது. அந்த ஏற்பாட்டின் புகையையும் சூடான காற்றையும் வெளியே விடுவதற்கு இந்த இரும்பு மரங்களில் சில பயன்படுகின்றன. சிலவற்றின் உச்சியில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. புகைபோக்கியைக்கூட அழகாக்கி, அதைப் பார்க்க உலகத்தையே வரவழைக்கும் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

கண்ணாடிக் கூடங்களுக்கு டிக்கெட் உண்டு, விலையும் அதிகம். ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் ‘மேகக் காடு’ என்ற கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததுமே 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. லிஃப்டில் உச்சிக்குப் போய், சுற்றிச் சுற்றி நடந்து இறங்கலாம். இன்னொன்றான மலர்க் கூடம் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்த்தவர்களை அவ்வளவாக அசைக்காது. ஆனால் வெளியே வியர்த்து வழியும் மதிய வேளையில் உள்ளே நிலவும் 23, 24 டிகிரி குளிரே பெரிய சுகம். என் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூவைப் பார்க்காமல் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

காசில்லாமல் பார்க்கக்கூடியதே இங்கு சிறந்தது என்பது என் கட்சி. தினமும் மாலை 7.45-க்கும் 8.45-க்கும் அந்த மரங்கள் இசைக்கு ஏற்ப ஒளிரும். மரங்களை இணைக்கும் தொங்கு நடைபாதைக்கு டிக்கெட் எடுப்பதைவிடக் கீழே மல்லாந்து படுத்துப் பார்ப்பதே மேல். வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். கோல வடிவில் அமைத்த இந்தியத் தோட்டம் ஒன்றும் வெளிப்பகுதியில் இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை.

பூமலையில் இப்படிக் கண்ணைப் பறிப்பது எதுவும் கிடையாது. ஏரி, புல்வெளி, ஓங்கிய மரங்கள், ஓடுகிறவர்கள், நாய்கள். அதிலும் நாய்கள் மிக ஒழுக்கமானவை. யுனெஸ்கோ 2015-இல் இதை உலகப் பாரம்பரியக் களமாக்கியதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை, ரப்பரும்தான்.

1877-இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இங்கு வந்து சேர்ந்தன. 1888-இல் தோட்டத்தின் பொறுப்பேற்ற தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, மறுபடி மறுபடி பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். மலாயாவின் தோட்ட முதலாளிகள் அப்போது காப்பியை நம்பியிருந்தார்கள். பார்ப்பவர்களிடமெல்லாம் ரப்பர் விதையைத் திணித்ததால் ‘கிறுக்கு ரிட்லி’ என்று அவருக்குப் பெயர் விழுந்தது. பிறகு மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, கிறுக்கு என்றவர்கள் பணக்காரர்களானார்கள். அந்தப் பால்மரக் காடுகளில் விடியுமுன் கத்தியும் வாளியுமாக நின்றவர்களில் பெரும்பகுதியினர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவர்கள். இரும்பு மரங்களுக்கு அடியில் எனக்கு வராத மௌனம் பூமலையில் வந்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, உள்ளே ஏறத்தாழ 6 ஹெக்டேருக்கு ஆதி மழைக்காடு அப்படியே நிற்கிறது. தோட்டத்தைவிட வயதில் மூத்த காடு அது. நகரத்தின் நடுவே அதற்குள் பத்து நிமிடம் நடந்தால் கார் ஓசை மங்கிவிடும்.

ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். மற்றதெல்லாம் இலவசம், காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது கடினம். மேடு பள்ளம் உண்டு, வடக்கிலிருந்து தெற்கு வரை இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். மழை வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். குழந்தைகளுக்கென்று உள்ளேயே ஒரு தனித் தோட்டம் இருக்கிறது; பெரியவர்கள் குழந்தையோடு போனால்தான் விடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

எனவே ஒன்றுதான் முடியும் என்றால், நடக்கத் தெம்புள்ளவர்களுக்குப் பூமலை. பாட்டி தாத்தாவோடும் கைக்குழந்தையோடும் வருபவர்களுக்கும், மதியத்துக்கு மேல் வந்து இறங்குபவர்களுக்கும் கரையோரம். முழு நாள் கையில் இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம். ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணி வாக்கில் உதித்து ஏழு மணி வாக்கில் மறையும் ஊர் அது. காலை ஏழுக்குப் பூமலை, வெயில் ஏறியதும் வெளியேறி டவுன்டவுன் ரயில் தடம். மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, நம்மவர்கள் சொல்லும் தேக்கா. வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அதே தடத்தில் மேலும் நான்கு நிறுத்தம் போனால் பேஃபிரண்ட். அங்கிருந்து நடந்தே கரையோரத் தோட்டத்துக்குள் நுழைந்துவிடலாம்.

காலையில் கிளம்பும்போது சட்டைப் பையில் ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு ஒன்று இருக்கட்டும். அதன் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் தெம்புசு மரம் பூமலையில்தான் நிற்கிறது, தாழ்ந்து நீண்ட அதே கிளையோடு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நோட்டைத் தேக்காவில் தேநீருக்குக் கொடுத்துவிடலாம்.