கோள்களைப் படம் பிடிக்க எது தேவலை: வெப்கேமா, போனா, தனிக் கேமராவா?

டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டிக் கணினித் திரையில் வியாழனை நேரலையாகப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கானலுக்குள் மாட்டிக்கொண்டதுபோல வட்டம் நெளியும், மேகப் பட்டைகள் கரையும். திடீரென்று ஒரு நொடி காற்று அடங்கும். இரண்டு பெரிய பட்டைகளும் கோடு போட்டதுபோலத் தெரிந்துவிட்டு மறுபடி குழம்பிவிடும். அந்த நொடியைப் பிடிப்பதுதான் வேலையே.

அதனால் கோளை ஒரே ஒரு போட்டோவாக எடுத்துப் பயனில்லை. வீடியோ எடுக்க வேண்டும். பிறகு ஆட்டோஸ்டேக்கர்ட் போன்ற மென்பொருள் ஆயிரக்கணக்கான ஃபிரேம்களைத் தரம் பிரித்து, நல்லவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும். அடுக்கிய படத்தை ரெஜிஸ்டாக்ஸில் போட்டுக் கூர்மையாக்கினால் பட்டைகளின் ஓரச் சுருள்கள்கூட வெளியே வரும்.

இதற்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. நமக்கு அதன் வட்டம் 45 விகலை அகலமாகத் தெரியும் நாட்களில் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை), நடுவில் இருக்கும் ஒரு புள்ளி நிமிடத்துக்கு ஏறக்குறைய கால் விகலை நகரும். 150 மி.மீ. டெலஸ்கோப் பிரித்துக் காட்டக்கூடியது முக்கால் விகலைதான். ஆக மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கோளின் சுழற்சியே படத்தை இழுத்துவிடும். வின்ஜூபோஸ் என்ற மென்பொருளை வைத்து அதைச் சரிசெய்யலாம், ஆனால் அது அடுத்த கட்டம்.

எனவே என் அளவுகோல் இதுதான்: அந்த மூன்று நிமிடத்தில் சிதையாத ஃபிரேம்கள் எத்தனை கிடைக்கும்? மெகாபிக்சல் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 1200 மி.மீ. குவியத்தூரத்தை 2x பார்லோ லென்ஸ் போட்டு 2400 ஆக்கினாலும் சென்சாரில் விழும் வியாழன் அரை மி.மீ.தான். 3.75 மைக்ரான் பிக்சலில் அது 140 பிக்சல் அகலம். மிச்சமெல்லாம் கறுப்பு வானம்.

வெப்கேமிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கையே புரட்டிப் போட்டது அதுதான். 2000-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் டூயூகேம் ப்ரோ என்றால் கோள் படம் எடுப்பவர்களிடையே தனி மவுசு. 640×480 சிசிடி சென்சார், 5.6 மைக்ரான் பிக்சல், அவ்வளவுதான். 2003 ஆகஸ்டில் செவ்வாய் 25 விகலை அகலத்துக்கு வந்து நின்றபோது, வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த நல்ல படங்களில் பல இந்த மாதிரி வெப்கேம்களில் எடுத்தவை. முன்னால் இருக்கும் லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு, 1.25 அங்குலக் குழாயைப் பொருத்தி, ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இருந்த இடத்தில் செருகினால் கேமரா தயார்.

கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். அகச்சிவப்பு தடுக்கும் கண்ணாடி பல வெப்கேம்களில் லென்ஸோடு சேர்ந்தே வந்துவிடும். பிறகு நிறமெல்லாம் வெளிறி இளஞ்சிவப்பாகும். லென்ஸ் வகை டெலஸ்கோப் என்றால் அகச்சிவப்பு வேறு இடத்தில் குவிவதால் ஃபோகஸும் மழுங்கும். குழாயின் வாயில் ஒரு ஐஆர் கட் ஃபில்டர் போட்டால் தீர்ந்தது.

வெப்கேமின் உண்மையான குறை சென்சாரில் இல்லை, அது படத்தைக் கணினிக்கு அனுப்பும் விதத்தில் இருக்கிறது. 1280×720 படத்தைச் சுருக்காமல் வினாடிக்கு 30 வீதம் அனுப்ப 55 மெகாபைட் தேவை. யூஎஸ்பி 2.0-வின் ஏட்டளவு வேகமே 60 மெகாபைட்தான், நடைமுறையில் அதிலும் கணிசமாகக் குறையும். அதனால் வெப்கேம் ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகிறது. நான் இதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். காற்று அருமையாக நின்ற ஓர் இரவு, ஃபிரேம் நிறைய வேண்டும் என்ற ஆசையில் 30-ல் வைத்து எடுத்தேன். அடுக்கியபோது வழவழவென்று அழகாக இருந்தது. கூர்மையாக்கும் ஸ்லைடரை இழுத்ததும் வியாழன் முழுக்கச் சதுரச் சதுரமாகக் கட்டம்! ஜேபெக் சுருக்கம் 8×8 பிக்சல் கட்டங்களாக நடப்பது. வானத்தின் நகர்வுக்கேற்ப டெலஸ்கோப்பைத் திருப்பும் மோட்டார் கோளை அசையாமல் பிடித்து வைத்திருந்ததால் எல்லா ஃபிரேமிலும் கட்டம் ஒரே இடத்தில் விழுந்து, அடுக்க அடுக்கப் பலப்பட்டிருந்தது. இப்போதெல்லாம் வெப்கேமைத் தொட்டால் ஷார்ப்கேப் என்ற பதிவு மென்பொருளில் சுருக்காத வடிவமான ஒய்யூஒய்2-ஐத் தேர்ந்தெடுத்து, வேகத்தை 10-க்கு இறக்கிவிடுகிறேன். கோளையும் சட்டத்துக்குள் மெல்ல நகர விடுகிறேன்.

அதற்கான விலை ஃபிரேம் எண்ணிக்கை. வினாடிக்கு 10 என்றால் மூன்று நிமிடத்தில் 1800. அதில் சிறந்த பத்து சதவீதம் 180. கோள்களுக்கென்றே வரும் தனிக் கேமரா, வெளிச்சமான வியாழனை 10 மில்லிவினாடி எக்ஸ்போஷரில் வினாடிக்கு 100 ஃபிரேம் எடுத்தால் அதே நேரத்தில் 18,000. பத்து சதவீதம் 1800. புள்ளி இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் குறையும் என்பதால் படம் பத்து மடங்கு நன்றாகிவிடாது, மூன்று மடங்கு சுத்தமாகும். ஆனால் அந்த மூன்று மடங்குதான், கூர்மையாக்கும்போது இன்னும் இரண்டு அடி துணிந்து போக விடுகிறது.

இசட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ224எம்சி இந்த வகைக்கு நல்ல உதாரணம். சோனி ஐஎம்எக்ஸ்224 சென்சார், 3.75 மைக்ரான் பிக்சல், 1304×976, யூஎஸ்பி 3.0. ஃபயர்கேப்சர் என்ற பதிவு மென்பொருளில் கோளைச் சுற்றிச் சின்னச் சதுரம் மட்டும் வெட்டி எடுத்தால் வேகம் இன்னும் ஏறும். சுருக்கம் கிடையாது, கெயினும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) எக்ஸ்போஷரும் முழுக்க உங்கள் கையில். வெப்கேமில் மங்கலான சனியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை உடனே தெரியும். குறை என்று பார்த்தால் ஹார்ட் டிஸ்க் மளமளவென்று நிரம்பும். அப்புறம், பழைய மடிக்கணினியின் வட்டு இந்த வேகத்துக்கு எழுத முடியாமல் திணறி ஃபிரேம்களைத் தவறவிடும். அப்படிப்பட்ட கணினிதான் இருக்கிறது என்றால் கேமராவுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் "இருக்கிறதே போதுமே" என்பார்கள். சாதாரண 1080 வீடியோவில் போதாது. முழு சென்சாரையும் 1920 பிக்சலுக்குள் அடக்குவதால் 140 பிக்சல் வர வேண்டிய வியாழன் 45-க்குச் சுருங்கிவிடும். லைவ் வியூவை 5 மடங்கு பெரிதாக்கி, அதைக் கணினியில் பதிவு செய்வது ஓரளவு பரவாயில்லை. பேக்யார்டுஈஓஎஸ் என்ற மென்பொருள் அதைச் செய்யும். அதிலும் வருவது சுருக்கிய படம்தான். இதற்கென்று டிஎஸ்எல்ஆர் வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

போன் விஷயம் வேறு. ஐபீஸில் ஒரு பிடிமானம் போட்டு மாட்டிவிட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை ஆரம்பம். ஆனால் கேட்காமலே படத்தை அழகுபடுத்துவது அதன் குணம். கறுப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றி வியாழனை வெள்ளைப் பொட்டாக்கும். எக்ஸ்போஷரைப் பூட்டி இறக்காவிட்டால் பட்டைகள் வரவே வராது. இருந்தாலும் மோட்டார் இல்லாத டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் எளிய டெலஸ்கோப்) வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது போனைத்தான். காரணம் பார்வைப்புலம்: ஐபீஸ் வழியாகப் போனுக்கு வானம் அகலமாகத் தெரியும். வானம் வினாடிக்கு 15 விகலை நகர்கிறது. மேலே சொன்ன 2400 மி.மீ.யில் பழைய வெப்கேமின் சட்டம் வெறும் 5 கலை (ஒரு கலை 60 விகலை) அகலம், நிலாவின் ஆறில் ஒரு பங்கு. கோள் உள்ளே நுழைந்து வெளியேற 20 வினாடி. அதற்குள் கண்டுபிடித்து, ஃபோகஸ் செய்து, பதிவும் செய்வதென்றால் பொறுமை போய்விடும். நிலாவுக்கு எந்த டெலஸ்கோப்பாக இருந்தாலும் போனே போதும் என்பேன்.

சரி, என் தேர்வு? மோட்டார் மவுண்ட் (டெலஸ்கோப் தாங்கி) இருந்தால் தனிக் கேமரா, சந்தேகமே இல்லை. வெப்கேம் சும்மா கிடைத்தால் இரண்டு மூன்று மாதம் அதில் கை பழகுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம். டெலஸ்கோப்பின் கண்ணாடிகள் நேராக இல்லாவிட்டால் எந்தக் கேமராவும் உதவாது. ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து விலக்கிப் பாருங்கள், வளையங்கள் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சிமெண்ட் தளம் இரவிலும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், புல் தரை தேவலை.

என் பழைய வெப்கேம் இன்னும் வேலையில்தான் இருக்கிறது. 200 மி.மீ. குவியத்தூரமுள்ள ஒரு சின்னக் கைடுஸ்கோப்பின் (துணை டெலஸ்கோப்) பின்னால் செருகி, பெரிய குழாயின் முதுகில் ஏற்றியிருக்கிறேன். அந்த நீளத்தில் அதற்கு ஒரு பாகை வானம் தெரியும். வியாழனை அதன் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தால், பெரிய கேமராவின் குட்டிச் சட்டத்துக்குள்ளும் வந்து நிற்கிறது.