கென்யாவில் ஆலயம் கட்டப் போகிறவர்களுக்கு: இரும்புச் சட்டமா, செம்மண் கல்லா?

கென்யாவில் ஆலயம் கட்டும் ஊழியப் பயணத்துக்கு எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் ஆயத்தமானபோது, இரண்டு அழைப்புகள் எங்கள் முன் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் இரும்புச் சட்டங்களை போல்ட் முடுக்கி நிறுத்தி, ஓரிரு நாளில் கூரையும் போட்டுத் தரும் குழுவில் சேர்வது ஒன்று. நாட்டின் மேற்கே காக்கமேகா பக்கத்துச் சிற்றூரில், உள்ளூர்க் கொத்தனாரின் கீழ், எந்திரத்தில் அழுத்திச் செய்த செம்மண் கற்களால் சுவர் எழுப்புவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதற்குப் போனோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பயண ஏற்பாடுகளில் வேறுபாடு இல்லை. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழி அனுமதி பெற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மார்ச் முதல் மே வரை நீளும் பெருமழையைத் தவிர்ப்பதும் இரண்டுக்கும் பொது.

இரும்புச் சட்டத்தின் பெருமை வேகம். மழைக்கு முன் சபைக்கு ஒரு கூரை கிடைத்துவிடும், தொழில் தெரியாதவர்களும் உதவலாம். கரிசல் மண் உள்ள இடங்களில் மண் கல் சரிப்படாது என்பதால், அங்கே இரும்புதான் பொருத்தம். செம்மண் கல்லில் அந்த வேகம் இல்லை. அறுபது சென்டிமீட்டர் நீளப் பெட்டியில் ஈரமண்ணை நிரப்பிக் காயவைத்து, அது எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்தே மண்ணில் கலக்கும் சிமெண்ட் அளவை முடிவுசெய்கிறார்கள். கற்களை பாலித்தீன் போர்த்தி ஈரம் காயாமல் பல நாள் வைக்க வேண்டும் என்பதால், நாங்கள் இறங்கும் முன்பே சபையார் பெரும்பாலானவற்றைச் செய்து அடுக்கியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது சித்தாள் வேலை. ஃபுண்டி என்று அவர்கள் அழைக்கும் கொத்தனார், ரசமட்டத்தைக் கடைசிவரை என் கையில் தரவேயில்லை.

என்னைப் பொறுத்தவரை, முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். வழியில் நான் பார்த்த இரும்பு ஆலயமொன்றில், தூண்கள் தரையைத் தொடும் இடத்தில் மழைநீர் தேங்கித் துரு ஏறியிருந்தது. அந்தச் சட்டங்கள் துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டை மடித்துச் செய்தவை. ஜுவா காலி எனப்படும் உள்ளூர்ப் பட்டறைக்காரர் சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் தகடு ஓட்டையாகிவிடும், தப்பினாலும் பூச்சு எரிந்து அந்த இடத்திலேயே மறுபடி துரு தொடங்கும். மாற்றுச் சட்டம் கடல் கடந்துதான் வர வேண்டும் என்று அங்குள்ள மூப்பர் சொன்னார். மண் சுவருக்கும் நோய் உண்டு: கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீளாவிட்டால், கீழே விழுந்து தெறிக்கும் மழைநீர் அடிவரிகளை அரித்துவிடும். ஆனால் அரித்த இடத்தில் சிமெண்ட் பூசுவதற்கு அந்த ஊரிலேயே ஆள் உண்டு, மண்ணும் உண்டு, கல் அழுத்தும் எந்திரமும் பக்கத்தில்தான் இருக்கிறது. யாருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரும்பு ஆலயத்தில் நான் அருகிலிருந்து பார்த்தது அந்த ஒன்றை மட்டுமே. தூணின் அடியைச் சற்று உயர்த்திக் கட்டியிருந்தால் அதுவும் நன்றாக இருந்திருக்கலாம். எங்கள் சுவரோ இதுவரை ஒரேயொரு பெருமழைக் காலத்தைத்தான் கண்டிருக்கிறது. போகாமலே பன்னிரண்டு பேரின் விமானக் கட்டணத்தை அனுப்பியிருந்தால் அந்தக் கொத்தனாருக்குப் பல மாதக் கூலி ஆகியிருக்குமே என்று ஊரில் கேட்டவர்களுக்கு, என்னிடம் முழுப் பதில் இல்லை. அடுத்த முறை நான்கு பேர் மட்டும் போவது, மற்ற எட்டுப் பேரின் கட்டணத்தைச் சிமெண்டுக்கும் கூலிக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.