எங்கள் ஊர் நூலகத்தின் கணினி அறை: போகலாமா?

பிரதேச சபை நூலகம் என்றால் உதயன் பேப்பர் பார்க்கிற இடம் என்றுதான் எங்கள் பக்கத்தில் கனபேர் நினைக்கிறார்கள். பேப்பர் மேசைக்குப் பின்னால் ஒரு கணினி அறை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவன். காசுக்கட்டளைப் படிவமும் தந்திப் படிவமும் ஊருக்கே நிரப்பிக் கொடுத்தவன் என்பதால், இந்த அறையையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கிற கணினிகளில் பாதி வேலை செய்யாது. பிரிண்டரில் மை இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ரியூசன் முடிந்து பிள்ளைகள் வெளியே வருவது அதற்குப் பிறகுதான். 2020இல் பள்ளிக்கூடம் பூட்டிப் பாடமெல்லாம் வட்சப்பில் வந்தபோது, ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாறிமாறிப் பார்த்த வீடுகள் இங்கே இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவாவது கிழமையில் இரண்டு நாள் இரவு ஏழு மணிவரை திறக்கலாம். சபையில் யாராவது இதை வாசித்தால் நல்லது.

தமிழில் தட்டச்சுச் செய்வதும் ஒரு தலையிடி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துப் பழகிய ஆட்கள் கடிதத்தை அப்படியே எடுத்து இணையப் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்து நிற்கும். பாமினியில் தமிழ் ஒரு வேசம்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிக்கோடு எழுத்துக்கு மாற்றித்தான் ஒட்டவேண்டும். மாற்றுகிற பக்கத்தை எல்லாக் கணினியிலும் முன்னாலேயே திறந்து வைத்திருக்கிறார்கள், அது கெட்டித்தனம்.

அதைச் செய்தது அங்கே வேலை செய்கிற பிள்ளை. இந்த அறைக்கு நான் நல்ல பெயர் கொடுப்பது அவவுக்காகத்தான்.

ஒரு காலை, வயதான அம்மா ஒருவர் தன் மின்னஞ்சலைத் திறக்க வந்தார். கடவுச்சொல் சரி. ஆனால் சரிபார்க்கிற இலக்கம் கனடாவில் இருக்கிற மகனின் போனுக்குப் போய்விட்டது, கணக்கை அவர்தான் திறந்து கொடுத்தாராம். இங்கே காலை பத்து மணி என்றால் ரொறன்ரோவில் நடுச்சாமம். "அவன் படுத்திருப்பான் பிள்ளை, எழுப்ப ஏலாது" என்றார் அம்மா. "அப்ப உங்கட நம்பருக்கே புதுசா ஒண்டு திறப்பம் அன்ரி" என்று அவ பக்கத்துக் கதிரையில் இருந்தா. மவுசைத் தான் தொடவில்லை. அம்மாவின் விரல்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. கடவுச்சொல்லை அம்மாவின் கொப்பியில் அவரையே எழுதவைத்து, போகமுன் கணக்கை மூடவும் வைத்தா. அரை மணித்தியாலம் போயிற்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நானும்தான்.

கொமினிகேசன் கடையில் இதே வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். காசைக் கொடுத்துவிட்டு வரலாம், கடவுச்சொல் என்னவென்று கடைக்காரப் பொடியனுக்குத்தான் தெரியும். அடுத்த முறையும் அவனிடமே போகவேண்டும். அவசரம் என்றால் கடைக்குப் போங்கள், பழகவேண்டும் என்றால் இங்கே வாருங்கள்.

நான் போவது வேறு காரணத்துக்கு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் அளவில் நூல்களும் ஏடுகளும் போயின என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள், இலவசமாக வாசிக்கலாம். ஆனால் ஸ்கான் செய்த பக்கத்தைப் போனில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்க்க என் கண் இடம் கொடுக்காது, டேட்டாவும் கரையும். இங்கே பெரிய திரையில் பழைய பத்திரிகையின் மரண அறிவித்தல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. சங்கக்கடை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தே ஒரு காலையைப் போக்கியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டையும், உங்கள் பெயரில் உள்ள சிம் போட்ட போனும், ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும், செருகுகிற இடம் ஒன்றுதான். கணினிக்குக் காசு இல்லை, பிரிண்டுக்கு மட்டும் சில்லறை கொடுக்கவேண்டும். சாதாரணதரப் பெறுபேறு வருகிற அன்று மட்டும் போகவேண்டாம், வாசல்வரை பிள்ளைகள் சுட்டெண்ணோடு நிற்பார்கள்.