கேம்பர் வேனின் மின்கோளாறுகள்: வேலூர் வெயிலில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் சிறு சமையல் மேடையும் 12 வோல்ட் ஃபிரிட்ஜும் பொருத்திய பழைய பயணிகள் வேன் ஒன்றைச் சில ஆண்டுகளாகக் குடும்பத்துடன் பயன்படுத்தி வருகிறோம். வேலூரிலிருந்து ஏலகிரிக்கோ ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கமோ போய் இரவு தங்கிவருவதுதான் பெரும்பாலும் அதன் வேலை. எஞ்சினுக்கு வழக்கமான பேட்டரியும், உட்புற விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தனியாக 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியும், கூரையில் 200 வாட் சோலார் பேனலும், தங்கும் இடத்தில் 230 வோல்ட் மின்சாரம் எடுக்க ஓர் இணைப்பும் இருக்கின்றன. இவற்றில் விலை உயர்ந்த எதுவும் இதுவரை பழுதாகவில்லை. தொல்லை கொடுத்தவை எல்லாம் லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோக முனை), ஃபியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் (நெகட்டிவ் வயரை வண்டியின் உலோக உடலோடு இணைப்பது) போன்ற சில்லறைச் சாமான்களே.

ஃபிரிட்ஜ் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று, சில விநாடிகளில் நின்று, மீண்டும் முயன்றுகொண்டே இருக்கும். பேட்டரியில் மீட்டரை வைத்தால் 13.1 வோல்ட் காட்டும். ஒரு கடையில் கம்ப்ரஸர் போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில் பேட்டரியையே மாற்றச் சொன்னார்கள். சத்துவாச்சாரியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான், "எதையும் மாத்தாதீங்க சார், மொதல்ல எர்த்தைப் பாருங்க" என்றார். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பிளக்கில் அளந்து பார்த்தபோது 11.2 வோல்ட்தான் இருந்தது. வழியில் 1.9 வோல்ட் காணாமல் போயிருந்ததால், பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணி ஃபிரிட்ஜின் பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்திக்கொண்டிருந்தது.

அந்த 1.9 வோல்ட் எங்கே போனது என்று பிரித்துப் பார்த்த முறை மிக எளியது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை ஃபிரிட்ஜின் பாசிட்டிவிலும் வைத்தபோது 0.6 வோல்ட் காட்டியது. நெகட்டிவ் பக்கத்தில் அதேபோல் வைத்தபோது 1.3 காட்டியது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 5 மீட்டர் தூரத்துக்கு 5 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.2 வோல்ட்டைக்கூட எட்டாது. எனவே பாசிட்டிவ் பக்கத்தில் மீதி இழப்பு ஃபியூஸ் ஹோல்டரில் இருந்தது; அதன் பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகி வளைந்திருந்தது. நெகட்டிவ் பக்கத்தில், படுக்கைக்கு அடியில் சேஸிஸில், அதாவது வண்டிச் சட்டத்தில், முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், லக் பெயின்ட்டின் மேலேயே அமர்ந்திருந்தது; சுற்றிலும் துரு, வயரின் நுனியில் பச்சைக் களிம்பு. 1.3 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 6.5 வாட், அவ்வளவும் அந்த இடத்தில் வெப்பமாகவே போய்க்கொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, புதிய லக்கை வயரில் அழுத்திக் கிரிம்ப் செய்து, ஹோல்டரையும் மாற்றிய பிறகு மொத்த இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது.

மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு மோசமான இணைப்பும் முழு வோல்ட்டேஜையே காட்டும். ஆகவே சுமையை ஓடவிட்டு அளக்காத அளவீட்டை நான் இப்போது பொருட்படுத்துவதே இல்லை. விளக்கு மங்கினாலும் தண்ணீர் பம்ப் திணறினாலும் இதே வரிசையில்தான் தேடுகிறேன்.

வெயில் தரும் தொல்லை வேறு வகையானது. சோலார் பேனலின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். அக்னி நட்சத்திர நாட்களில் கூரைமேல் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், நல்ல உச்சி வெயிலிலேயே 14 சதவீதம் போய்விடும். பேனலைக் கூரையோடு ஒட்டாமல் காற்றுப் போகும்படி இடைவெளி விட்டுப் பொருத்துவது ஓரளவு உதவுகிறது. இன்னொன்று, மூடிய வேன் வெயிலில் நின்றால் லித்தியம் பேட்டரியின் உள் பாதுகாப்பு, வெப்ப வரம்பைத் தாண்டியதும் சார்ஜ் ஏற்பதை நிறுத்திவிடும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் நன்றாக இருந்தும் ஆம்பியர் பூஜ்யம் என்று காட்டினால், வயர்களைக் கழற்றி ஆராய்வதற்கு முன் கதவுகளைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுப்பது நல்லது.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேரடி வயர் இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இழுக்கும் மின்னோட்டத்துக்கு வரம்பு இருக்காது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டருக்கும் அந்தச் சுமை வேண்டாம். நடுவில், மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும் டிசி-டிசி சார்ஜர் வைத்துக்கொண்டால் போதும்.

தங்கும் இடங்களில் எடுக்கும் 230 வோல்ட் இணைப்பு பற்றி மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. தோட்டத்து வீடுகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் வயரே இல்லாமல் இருப்பதையும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மழை ஓய்ந்த ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று வேனின் படிக்கட்டுக் கம்பியைத் தொட்ட என் மகன், "அப்பா, சுருக்குன்னு இழுக்குது" என்றான். உடனே வெளி இணைப்பில் பிளக்கைப் பிடுங்கினோம். இப்போது வேனுக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலேயே மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம்.

கருவிகள் வாங்குவோருக்கு ஒரு தகவல். வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மலிவு விலைக் கிளாம்ப் மீட்டர்களில் பல, கிளாம்பைக் கொண்டு ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். டிசி வோல்ட் அளப்பதால் டிசி ஆம்பியரையும் அளக்கும் என்று நம்பிவிட வேண்டாம். கடையிலேயே காரின் ஹெட்லைட் வயரில் மாட்டி, எண் மாறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.