பலகைத் தரை போடுமுன் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வையுங்கள்

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் கிணற்றுக்குக் கயிறு தேவையில்லை, குனிந்து கையாலேயே அள்ளலாம். இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, மரநாரை அழுத்திச் செய்த பலகைத் தரைக்கு 192,000 ரூபா கொடுத்தேன். 2024 ஆனியில் போட்டது, கார்த்திகையில் அப்பளம்போல் விளிம்பு தூக்கி நின்றது.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அதே பலகையை 'வாட்டர் ப்ரூஃப்', தண்ணீர் புகவே புகாது, என்ற அதே வார்த்தை சொல்லி விற்கும் கடைகள் இன்னும் இருக்கும். அந்த வார்த்தையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு அவளுக்குத்தான். பழைய சிவப்புச் சீமெந்துத் தரை வெளிறிப்போயிருந்தது. மாபிள் (டைல்ஸைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) பதிக்கலாம் என்று மேசனைக் கேட்டால் இரண்டு கிழமை என்றார், அதுவும் ஆடிக்குப் பிறகு. மகள் கொழும்பில் சிநேகிதி வீட்டில் பார்த்த பலகைத் தரையின் படத்தைப் போனில் காட்டிக்கொண்டே இருந்தாள். சரி என்று கடைக்குப் போனோம்.

கடைப் பையன் நல்ல பேச்சுக்காரன். மாதிரிப் பலகை ஒன்றை மேசையில் வைத்து, குடித்துக்கொண்டிருந்த போத்தல் தண்ணீரை அப்படியே அதன்மேல் ஊற்றினான். ஐந்து நிமிடம் கதைத்தான். பிறகு துணியால் துடைத்துவிட்டு, "பாருங்க சேர், ஒண்டும் ஆகல்ல. வாட்டர் ப்ரூஃப்" என்றான். கீழே பொலித்தீன் விரிக்க வேண்டாமா என்று கேட்டேன். "அது தேவையில்ல சேர், பலகையே வாட்டர் ப்ரூஃப்தானே."

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். மயிர்த்துளைத்தன்மையை, நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் தானாக ஏறுவதை, எத்தனை பிள்ளைகளுக்கு விளக்கியிருப்பேன். அவன் தண்ணீர் ஊற்றியது மேல் முகத்தில். அந்த முகம் பிளாஸ்டிக் போன்ற ஒரு கடினமான படலம், அதில் தண்ணீர் இறங்காது. வெட்டிய விளிம்பிலோ அடிப்பக்கத்திலோ ஊற்று என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாணவன் ஒருவன் இப்படிப் பரிசோதனை செய்து காட்டியிருந்தால் பாதிப் புள்ளிதான் போட்டிருப்பேன்.

400 சதுர அடி, ஒன்றுக்கு 480 ரூபா. இரண்டு பையன்கள் வந்து பழைய சீமெந்தின்மேல் வெள்ளை ஃபோம் விரித்து, பலகைகளை ஒன்றோடொன்று கொளுவி, இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். பார்க்க அழகுதான், அதை மறைக்கக்கூடாது. கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். இருவர் கடையின் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள். அதில் ஒருவர் என் சொந்தத் தம்பி, இன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கியதும் மருமகன்தான் முதலில் சொன்னார். "மாமா, ஹோலுக்க நடக்கக்குள்ள கீழ என்னமோ முனகுது." புதுப் பலகை, படிய நாளெடுக்கும் என்று நான் சமாளித்தேன். கார்த்திகையில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வெள்ளம் வரவில்லை, வாசற்படியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஹோலின் நடுவில் பலகைகள் பொருத்துப் பொருத்தாக உயர்ந்தன. ஊதிய பலகை விரியச் சுவரோரத்தில் இடம் இல்லாததால் மகளின் அறையில் ஒரு வரிசை முழுவதும் கூடாரம்போல் கிளம்பியது. மனைவிக்கு விரல் தடக்கி நகம் பெயர்ந்தது.

ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மேல் முகம் புதிதாக அப்படியே இருந்தது. அடியில் ஃபோம் நனைந்து, பலகையின் வயிறு கறுத்து, பூஞ்சணம் மணத்தது. தண்ணீர் கீழிருந்து வந்திருக்கிறது. எங்கள் பழைய தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் விரிப்பு ஒன்றும் கிடையாது. கோடையில் காய்ந்து கிடந்த சீமெந்து, மாரியில் நிலத்தடி நீர் ஏறியதும் திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை இழுத்திருக்கிறது. வெறும் சீமெந்தாக இருந்த நாளில் அது காற்றில் உலர்ந்துவிடும், நாங்களும் கவனித்ததில்லை. மேலே மூடி போட்டதும் அதற்குப் போக வேறு வழியில்லை.

கடைக்குப் போனேன். முதலாளி மிகவும் மரியாதையாகப் பேசினார். பெட்டியைத் திருப்பி ஆங்கிலத்தில் இருந்த எழுத்தைக் காட்டினார்: 'வாட்டர் ரெசிஸ்டன்ட், 24 ஹவர்ஸ்', அதாவது 24 மணித்தியாலம் தண்ணீரைத் தாங்கும். "நாங்க ரெசிஸ்டன்ட் எண்டுதான் சொல்லுவம் சேர். ப்ரூஃப் எண்டு சொல்லியிருக்க மாட்டாங்க." தண்ணீர் ஊற்றிக் காட்டிய பையன் அங்கே இல்லை, சவூதிக்குப் போய்விட்டானாம். பில்லை எடுத்துப் பார்த்தால் 'வுட் ஃப்ளோரிங் 400 ச.அடி' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது பத்து வீதம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த முறையாம்!

வீட்டுக்கு வந்துதான் பெட்டிக்குள் இருந்த தாளை முழுவதும் வாசித்தேன். சீமெந்தின்மேல் போடுவதானால் முதலில் பொலித்தீன் விரிக்க வேண்டும், சுவரோரத்தில் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும், கீழிருந்து வரும் ஈரத்துக்கும் வெள்ளத்துக்கும் உத்தரவாதம் கிடையாது என்று மூன்றும் அதில் இருக்கின்றன. வந்த பையன்கள் முதல் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் வாங்கியது ஆனியில், கெட்டது கார்த்திகையில். கோடையில் தரை வாங்குகிறவனுக்கு மாரி வரும்முன்பே மூன்று மாதம் ஓடிவிடுகிறது. அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. உங்களுக்கு நாள் மிச்சமிருந்தால் தாமதிக்காதீர்கள்.

இனி வாளி விசயம். மிச்சமிருந்த பலகையில் ஒரு துண்டை வெட்டினேன். பழைய பள்ளிக்கூட நண்பரிடம் வேணியர் இடுக்கிமானி இரவல் வாங்கி அளந்தேன், 8 மில்லிமீற்றர். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுவைத்து எடுத்தால் விளிம்பு 9.6. விரலால் கிள்ள, ஊறிய கடுதாசி மட்டைபோல் பிய்ந்தது. இதன் பெயர் லெமினேட். உள்ளே இருப்பது எச்டிஎஃப் என்கிற அழுத்திய மரநார். வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றால் பொருத்துக்களில் மெழுகோ வேறு ஏதோ பூசி, மேலே சிந்தியது சில மணி நேரத்துக்கு உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குள் நாம் துடைத்துவிட வேண்டும். நிலத்தடி நீரை யார் துடைப்பது?

தம்பி வேறு கடையிலிருந்து எஸ்பிசி என்ற பலகையின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அது சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்தது, மரம் இல்லை. அதையும் ஊறவைத்தேன். 4 மில்லிமீற்றர் போட்டு 4 மில்லிமீற்றரே எடுத்தேன். ஆகவே தண்ணீரில் ஊதாத பலகை இல்லாமல் இல்லை. ஆனால் அதை விற்கிறவர்களும் பாதிதான் சொல்கிறார்கள். பலகை கெடாது, சரி. அதன் பொருத்து வழியாக வெள்ளம் இறங்கினால் அடியில் தேங்கி நாறும், முழுவதையும் கழற்றித்தான் காயவைக்க வேண்டும். தரை மேடுபள்ளமாக இருந்தால் கொளுவிகள் உடையும். கண்ணாடிக் கதவுக்கு நேரே வெயில் விழுந்தால் விரியும். உள்ளே நுரைபோன்ற பிளாஸ்டிக் உள்ள டபிள்யூபிசி என்று இன்னொன்றும் இருக்கிறது, அது மிருதுவானது, அலுமாரிக் கால் பதிந்துவிடும்.

மாபிளிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. போசிலேன் மாபிள் என்றால் அது உறிஞ்சும் தண்ணீர் 0.5 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. சுவருக்கென்று செய்த சாதாரண மாபிள் பத்து வீதத்துக்கு மேலும் குடிக்கும். மலிவு என்று அதை நிலத்தில் பதித்துவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். இடுக்கில் நிரப்பும் சீமெந்துக் கலவையும் ஈரம் குடிக்கும். குளியலறைக்கு வழுவழுப்பானதை வாங்காதீர்கள், என் மாமியார் விழுந்தது தனிக் கதை.

எதை வாங்கினாலும் முதலில் உங்கள் தரையைக் கேளுங்கள். 18 அங்குலச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டை வெறும் சீமெந்தின்மேல் வைத்து, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு இரவும் காலையும், குறைந்தது 16 மணித்தியாலம், விட்டுவையுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. நம் ஊரில் இதை மார்கழியில் செய்ய வேண்டும். ஆனியில் செய்தால் தரை பொய் சொல்லும்.

பில்லில் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள்: லெமினேட்டா, எஸ்பிசியா, எத்தனை மில்லிமீற்றர், அடியில் என்ன விரிக்கப்போகிறார்கள். வாட்டர் ப்ரூஃப் என்று வாயால் சொல்கிறவரிடம் அதையும் அதே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நான் பிறகு இரண்டு கடைகளில் சும்மா கேட்டுப் பார்த்தேன். ஒருவர் எழுதினார். மற்றவர் பேனையைத் தேடிக்கொண்டே உள்ளே போனவர், வரவேயில்லை.

எங்கள் ஹோலில் பலகையைக் கழற்றியாயிற்று. சிவப்புச் சீமெந்து உலர்கிறது, தைக்குப் பிறகு மேசன் வருவார். பிரிக்காத இரண்டு பெட்டி படிக்கட்டின் கீழ் கிடக்கிறது. கல்லடி, நாவற்குடா பக்கம் யாராவது தரை போட நினைத்தால் செய்தி அனுப்புங்கள், ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். வாளி உங்களுடையது.